தோட்ட மருத்துவ உதவியாளரும் தொடர்கல்வியும்: மலைநாட்டு வரலாற்றின் ஓர் அத்தியாயம்

இலங்கையின் மருத்துவ வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரியையும் பெரிய வைத்தியசாலைகளையும் புகழ்பெற்ற மருத்துவர்களையுமே முதன்மைப்படுத்துவன. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் நோயாளியின் முன் முதலில் நின்றவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். டிரெசர், டிஸ்பென்சர், அப்போதிக்கரி, தோட்ட மருத்துவ உதவியாளர் எனக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு பெயர்களால் வழங்கப்பட்ட இடைநிலை மருத்துவப் பணியாளரே அவ்விடத்தில் இருந்தார். தோட்ட மக்கள் அவரை ‘டாக்டர் ஐயா’ என்றே அழைத்தனர். அவர் அறிந்திருந்ததே தோட்டத்தின் மருத்துவ அறிவு; அவர் அறியாதது தோட்டத்துக்கும் எட்டாதது.

ஆகவே, அவர் பணியேற்கும்போது என்ன கற்றிருந்தார் என்பதைப் போலவே, பணியேற்ற பின்னர் முப்பது நாற்பது ஆண்டுகளில் என்ன கற்றார் என்பதும் வரலாற்று வினாவாகின்றது. இக்கட்டுரை அவ்விரண்டாவது வினாவை ஆராய முற்படுகின்றது. தோட்ட மருத்துவத்துக்காக இயற்றப்பட்ட சட்டங்கள் கட்டடத்தையும் மருந்தையும் ஆளையும் கணக்கிட்டன. ஆளின் அறிவு காலத்தோடு வளரவேண்டும் என்பதைக் கணக்கிடவில்லை. கல்வி வந்தபோதெல்லாம் அது ஏதேனும் ஓர் இயக்கத்தின் துணையாகவே வந்தது. இயக்கம் முடிந்ததும் கல்வியும் நின்றது. இதனைப் பின்வரும் பகுதிகள் விளக்கும்.

மலைநாட்டிற்கு வந்த நோயும் நோயாளரும்

கோப்பிப் பயிர்ச்செய்கை விரிவடைந்த 1830கள், 1840கள் தொடக்கம் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்ப் பகுதியில் கரையிறங்கி, வறண்ட காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்து கண்டிச் சீமையை அடைந்தனர். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழியிலேயே பலரைப் பலிகொண்டன. கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோருட் பெரும்பான்மையினர் பருவகாலத்துக்கு வந்து திரும்பிய ஆடவர். நோயுற்ற தொழிலாளியைத் தோட்டத்திலிருந்து அகற்றிவிடுவது எளிதாயிருந்த காலம் அது.

1867 ஆம் ஆண்டு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். 1869 ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுள் கோப்பியை அழித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். அதற்குப் பருவத்துக்கு வந்துபோகும் ஆடவர் போதார். குடும்பத்தோடு தங்கும் மக்கள் தேவைப்பட்டனர். பெண்கள் கொழுந்தெடுக்க, லயங்களிலே பிள்ளைகள் பிறந்தன. புகையிரதப் பாதை 1884 ஆம் ஆண்டு ஹற்றனையும் 1885 ஆம் ஆண்டு நானுஓயாவையும் எட்டியது. அதற்கு முன்னர் டிக்கோயா, மஸ்கெலியா, திம்புள்ளைப் பகுதிகளிலிருந்து நோயாளி ஒருவரைக் கண்டிக்குக் கொண்டுசெல்வது நாட்கணக்கில் ஆகும் செயலாயிருந்தது.

பயிர் மாறியதால் நோயாளரும் மாறினர். கொள்ளைநோய்க்கு உள்ளான ஆடவரின் இடத்தில் கருவுற்ற தாயும் பச்சிளங் குழந்தையும் இரத்தச்சோகையால் மெலிந்த கொழுந்துக்காரியும் வந்தனர். கொள்ளைநோய் வந்து போவது. பிரசவமும் குழந்தைநோயும் நாள்தோறும் நிகழ்வன. தோட்டத்திலேயே தங்கி நாள்தோறும் மருந்து கொடுக்கும் ஒருவர் தேவை என்ற நிலை இவ்வாறே உருவாயிற்று. அதுவரை லய மக்களுக்குத் துணையாயிருந்தோர் கைவைத்தியம் அறிந்த முதியோரும் மருத்துவிச்சிமாரும் மந்திரித்து நூல்கட்டும் பூசாரிமாருமே ஆவர்.

சட்டம் கணக்கிட்டவையும் கணக்கிடாதவையும்

இலங்கையின் குடிசார் மருத்துவத் திணைக்களம் 1858 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. தோட்டங்களுக்கென முதன்முதலில் இயற்றப்பட்டது 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டமாகும். கோப்பி மாவட்டங்களை மருத்துவ வட்டாரங்களாக வகுத்து, தோட்ட உரிமையாளரிடம் வரி அறவிட்டு, வட்டாரக் குழுக்களின் மூலம் மருத்துவ வசதி அளிப்பது அதன் நோக்கம். அக்குழுக்களில் இருந்தோர் துரைமார். வரி செலுத்துவோரே செலவைத் தீர்மானிப்போராகவும் இருந்தமையால் ஏற்பாடு பெரும்பயன் அளிக்கவில்லை. 1880களின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட புதிய சட்டங்கள் பொறுப்பை அரசாங்கத்தின்பால் மாற்றின. வட்டார வைத்தியசாலைகளும் டிஸ்பென்சரிகளும் படிப்படியாக எழுந்தன.

1912 ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று புதிய மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம். மற்றையது நோய்கள் (தொழிலாளர்) கட்டளைச்சட்டம். லயங்களைச் சுத்தமாக வைத்திருத்தல், நோயுற்றோரை அறிந்து சிகிச்சை அளித்தல், தேவையுற்றோரை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிரசவித்த தாய்க்கு உணவும் உறைவிடமும் வழங்குதல் முதலிய கடமைகள் தோட்ட அதிகாரிமேற் சுமத்தப்பட்டன. தாமே டிஸ்பென்சரியும் மருத்துவப் பணியாளரும் வைத்திருக்கும் தோட்டங்களுக்கு அரசின் சலுகையும் கிடைத்தது. இதனால் தோட்ட டிஸ்பென்சரி ஒரு நிலையான நிறுவனமாயிற்று.

இச்சட்டங்களின் அமைப்பை நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். அரசாங்கத்தின் பரிசோதகர் வந்தால் காணக்கூடியவற்றையே சட்டம் கேட்டது. கட்டடம் உண்டா, அலமாரியில் மருந்து உண்டா, பதிவேடு எழுதப்பட்டுள்ளதா, பொறுப்பான ஆள் உண்டா என்பன அவை. அந்த ஆள் கடைசியாக எப்போது ஒரு மருத்துவரிடமிருந்து புதிதாக ஒன்றைக் கற்றார் என்பது கேட்கப்பட்ட வினாவாக இருக்கவில்லை. கேட்கப்படாத வினாவுக்கு எவரும் செலவு ஒதுக்குவதில்லை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்ட மருத்துவப் பணியாளர் அரசாங்கத்தின் ஊழியர் அல்லர்; தோட்ட நிருவாகத்தின் சம்பளம் பெற்றவர். நோயுற்ற தொழிலாளி வேலைக்கு வரவேண்டியதில்லை என்று கூறுபவரும் அவரே. வேலைக்கு ஆள் குறைந்தால் துரையின் கேள்விக்கு ஆளாவோரும் அவரே. கற்பதற்காக அவர் ஒரு வாரம் தோட்டத்தை விட்டுச் சென்றால் அவ்விடத்தில் மருந்து கொடுக்க வேறெவரும் இல்லை. அவருடைய கல்வி நிருவாகத்துக்குச் செலவாகவே தோன்றியது. அதனால் வரும் நன்மையோ கணக்கேட்டில் தோன்றாதது.

அப்போதிக்கரி மரபு

இடைநிலை மருத்துவர் என்னும் வகுப்பு தோட்டங்களிலே தோன்றியதன்று. கொழும்பு மருத்துவப் பாடசாலை 1870 ஆம் ஆண்டு ஜேம்ஸ் லூஸ் என்பாரை முதல் அதிபராகக் கொண்டு தொடங்கப்பட்டது. வன்னிப் பகுதியில் பரங்கிநோயாற் சனத்தொகை அருகியமை பற்றி அவர் அளித்த அறிக்கையும் அதன் தோற்றத்துக்குக் காரணமாயிற்று. முழுமையான மருத்துவப் பயிற்சியோடு, அதனிற் குறுகிய அப்போதிக்கரிப் பயிற்சியும் கொழும்பில் அளிக்கப்பட்டு வந்தது. மருத்துவர் செல்லாத ஊர்களுக்கு அப்போதிக்கரி சென்றார். பின்னாளில் இவ்வகுப்பினர் உதவி வைத்தியர் எனப் பெயர் பெற்றனர். அவர்களுக்கான பயிற்சி ஈராண்டுக் கற்கையாக அமைந்தது. நீண்ட சேவைக்குப் பின் பதிவுபெற்ற வைத்தியராக உயரும் வழியும் அவர்களுக்கு இருந்தது.

தோட்டத்தில் பணியாற்றியோர் நிலை வேறு. அவர்களுட் சிலர் முறையான அப்போதிக்கரிப் பயிற்சி பெற்றவர். பலர் வைத்தியசாலையில் மருந்து கலப்போராகவும் கட்டுப்போடுவோராகவும் இருந்து தொழிலைக் கைப்பழக்கத்தாற் கற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வந்தோர் இவர்களுள் இருந்தனர். 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச்சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் மருத்துவத் தொழிலின் பல தரத்தாரையும் பதிவுக்குட் கொண்டுவந்தன. தோட்டப் பணியாளர் தனி வகையினராகவே நோக்கப்பட்டனர். பதிவு என்பது ஒருவர் ஒருகாலத்தில் கற்றதற்குச் சான்று. அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லுபடியாயிற்று. ஒருமுறை பெயர் பதிந்தவர் மீண்டும் கற்றாரா என்பதைப் பதிவேடு சொல்லாது.

அரசாங்க அப்போதிக்கரிக்கும் தோட்ட டிஸ்பென்சருக்கும் இருந்த முக்கிய வேறுபாடு இவ்விடத்திலேயே தோன்றுகின்றது. முன்னவர் இடமாற்றம் பெற்றார். பெரிய வைத்தியசாலையில் சிலகாலம், கிராமத்திற் சிலகாலம் எனப் பணியாற்றினார். மேலதிகாரியான மருத்துவரோடு பழகினார். இடமாற்றமே அவருக்கு ஒருவகைத் தொடர்கல்வியாயிற்று. பின்னவரோ ஒரே தோட்டத்தில், அல்லது ஒரே கம்பனியின் அயல் தோட்டங்களில், தம் காலத்தைக் கழித்தார். அவர் தவறாகச் செய்ததைத் திருத்துவோரும் இலர். சரியாகச் செய்ததை உணர்ந்து பாராட்டுவோரும் இலர்.

கொழுக்கிப்புழு இயக்கம்

தோட்ட மருத்துவத்தினுள் புதிய அறிவியல் பெருமளவில் நுழைந்த முதற் சந்தர்ப்பம் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமாகும். றொக்கபெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரக் குழு 1916 ஆம் ஆண்டு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இவ்வியக்கத்தைத் தொடங்கியது. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் தோலின் வழியே உட்புகும் இப்புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுவது. மழை மிகுந்த மலைச்சரிவும், மலசலகூடம் இல்லாத லயமும், செருப்பில்லாக் காலும் அதற்கு ஏற்ற சூழலாயின. தொழிலாளியின் சோம்பல் எனத் துரைமாரும் கங்காணிமாரும் கருதிய பலவற்றுக்குப் பின்னால் இரத்தச்சோகை இருந்தமை நுண்பெருக்கியின் மூலம் வெளிப்பட்டது.

இயக்கத்தினர் மலத்தைப் பரிசோதித்து, கீனப்போடியம் எண்ணெயை அளவறிந்து கொடுத்து, படங்காட்டி விளக்கவுரையும் நிகழ்த்தினர். இவ்வேலைமுறை தோட்ட மருத்துவப் பணியாளருக்குப் புதியது. நோயாளி வந்து முறையிட்ட பின் மருந்து கொடுப்பதே அவர் அறிந்த முறை. முறையிடாதவரையும் சோதித்தறிந்து, தோட்டம் முழுவதற்கும் ஒருசேர மருந்தூட்டி, நோயின் மூலத்தை மண்ணிலே தேடுவது பொதுச் சுகாதாரம் என்னும் வேறொரு கல்வி. இயக்கத்தார் அகன்ற பின்னர் மருந்தூட்டும் பணி தோட்ட டிஸ்பென்சரியின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

எனினும் அக்கல்வியின் பாதியே தோட்டத்தில் நிலைத்தது. மலசலகூடம் அமைப்பதற்கான செலவைத் தோட்ட உரிமையாளர் பலர் விரும்பவில்லை. மருந்துண்டு குணமடைந்தோர் மீண்டும் அதே மண்ணில் நடந்து அதே நோயைப் பெற்றனர். மருந்து கொடுக்கும் கை தோட்டப் பணியாளருடையது. லயத்தின் சூழலை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. புதிய அறிவு, அதனைச் செயற்படுத்தும் அதிகாரத்தோடு சேர்ந்து வராவிடின் பயன் குன்றும் என்பதை இவ்வியக்கம் உணர்த்துகின்றது.

1920களின் நடுப்பகுதியில் றொக்கபெல்லர் நிறுவனத்தின் கவனம் பரந்த சுகாதாரப் பணியின்பாற் சென்றது. 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. மருத்துவ அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர், பொதுச் சுகாதாரத் தாதி, மருத்துவமாது ஆகியோர் ஒரு குழுவாகக் கிராமங்களுக்குச் செல்லும் இம்முறை நாடெங்கும் பரவியது. கிராமத்து மருத்துவமாது ஒரு குழுவின் உறுப்பினராகி மேற்பார்வையும் மீள்பயிற்சியும் பெற்றார். தோட்டங்கள் தனியார் நிலமாகக் கருதப்பட்டமையால் இவ்வலை நெடுங்காலம் அவற்றின் எல்லையோடு நின்றது. தோட்ட மருத்துவப் பணியாளர் முன்போலவே தனித்திருந்தார்.

ஒரு பணிக்காலமும் மாறிய மருந்துகளும்

கல்வி தொடராமையின் விளைவை அறிய மேற்கூறிய கொழுக்கிப்புழுவையே எடுத்துக்கொள்ளலாம். 1920 ஆம் ஆண்டில் இருபது வயதில் பணியேற்று 1960 ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற ஒரு டிஸ்பென்சரைக் கற்பனை செய்க. அவர் முதலிற் கற்றது கீனப்போடியம் எண்ணெய். 1921 ஆம் ஆண்டில் மோரிஸ் ஹோல் என்பார் காபன் நாற்குளோரைட்டின் பயனைக் கண்டார். அது வலிமையுடையது, ஆயின் ஈரலைத் தாக்குவது. மது அருந்துவோருக்கு அது பேராபத்து விளைவிப்பது. 1925 ஆம் ஆண்டில் அதனிலும் பாதுகாப்பான நாற்குளோரோ எதிலீன் அறிமுகமாயிற்று. 1958 ஆம் ஆண்டில் பெபீனியம் வந்தது. ஒரே நோய்க்கு, ஒரே மனிதரின் பணிக்காலத்தினுள், நான்கு மருந்துகள் வந்தன. அவற்றுள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் அளவு வேறு, ஆபத்து வேறு, கொடுக்கக்கூடாத நோயாளி வேறு. போத்தலின் மேலுள்ள சீட்டு அளவைக் கூறும். மாலையில் சாராயம் அருந்தும் தொழிலாளிக்கு அதனைக் கொடுக்கலாமா என்பதைக் கூறாது. இதனைக் கூறவேண்டியது கல்வி.

ஏனைய துறைகளிலும் நிலை இதுவே. சல்பா மருந்துகள் 1930களின் நடுப்பகுதியிலும் பெனிசிலின் 1940களிலும் பயன்பாட்டுக்கு வந்தன. 1944 ஆம் ஆண்டிற் பரிசோதனைக்கு வந்த ஸ்ரெப்ரோமைசின் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. இலங்கையில் பீ.சீ.ஜீ. தடுப்பூசி 1949 ஆம் ஆண்டு தொடங்கியது. கருவுற்ற தாய்மாருக்கு ஏற்பு நோய்த் தடுப்பூசி ஏற்றும் முறை 1969 ஆம் ஆண்டு அறிமுகமாயிற்று. லயத்து அறையில் தூய்மையற்ற கருவியால் கொப்பூழ்க்கொடி அறுக்கப்பட்ட குழந்தைகள் பிறந்த சில நாட்களில் ஏற்பு கண்டு மடிந்த தோட்டங்களில், இவ்வூசி எத்தகைய மாற்றத்தை விளைவிக்கக்கூடியது என்பதை எளிதில் உணரலாம். அதனை எப்போது, எத்தனை முறை, எவ்வாறு குளிரிற் பாதுகாத்து ஏற்றுவது என்பது 1940 இற் பயிற்சி பெற்றவர் கற்றிருக்க முடியாத பாடம்.

வயிற்றோட்டம் பற்றிய அறிவு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு. வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு உணவும் நீரும் குறைக்கவேண்டும் என்பது பழைய நம்பிக்கை. 1971 ஆம் ஆண்டு வங்காள எல்லையிலுள்ள பொங்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார். பயிற்சி பெறாத உறவினரே அதனைப் புகட்டினர். முன்னர் நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு நூற்றுக்கு நான்கிலும் குறைந்தது. மருத்துவர் இல்லாத இடத்துக்கென்றே பிறந்தது போன்ற அறிவு இது. ஹற்றனிலிருந்து பத்துக் கல் தொலைவிலுள்ள தோட்டப் பிரிவில், இரவில் கொழுந்து லொறி கிடைக்காத வேளையில், வயிற்றோட்டத்தால் துவண்ட பிள்ளையின் உயிர் அங்குள்ள உதவியாளர் இதனை அறிந்திருந்தாரா என்பதையே பொறுத்தது.

தேசியமயமாக்கலுக்குப் பின்

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பான்மையினரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. யார் இருப்பார், யார் போவார் என்பது தெளிவற்ற ஒரு சமூகத்தின் மருத்துவ ஏற்பாட்டில் நீண்டகால முதலீடு செய்ய எவரும் முன்வரவில்லை. நாட்டின் ஏனைய பகுதிகளில் இலவச மருத்துவ சேவை வளர்ந்த அதே ஆண்டுகளில் தோட்ட டிஸ்பென்சரி பழைய அலமாரியோடு நின்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. இம்மாற்றத்தின் நடுவே, 1973–74 ஆம் ஆண்டுகளில், உணவுப் பற்றாக்குறை தோட்டங்களைக் கொடுமையாகத் தாக்கியது. பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த நோய்களாலும் இறப்பு உயர்ந்தது. மருந்துப் போத்தலால் பட்டினியைத் தீர்க்க இயலாது என்பதை டிஸ்பென்சரிகள் அன்று கண்டன.

அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையும் தோட்டங்களை நிருவகித்த காலத்தில் தோட்டச் சுகாதாரம் தேசிய சுகாதாரத் திட்டங்களோடு முதன்முறையாக நெருங்கியது. 1978 ஆம் ஆண்டில் அல்மா ஆட்டாவிற் கூடிய மாநாடு ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பை உலகின் இலக்காக அறிவித்தது; அதே ஆண்டில் இலங்கையில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1980களில் வெளிநாட்டு உதவியோடு நடைபெற்ற சமூகநலத் திட்டங்களின் கீழ் தோட்ட மருத்துவ உதவியாளர், மருத்துவமாது, பிள்ளை மடுவப் பொறுப்பாளர் ஆகியோருக்குப் பயிற்சிகள் அளிக்கப்பட்டன. தாய்சேய் நலம், குடும்பத் திட்டம், தடுப்பூசி, வாய்வழித் திரவம் என்பன அவற்றின் பாடங்கள். தோட்டங்களின் குழந்தை இறப்பு பின்வந்த ஆண்டுகளிற் பெரிதும் குறைந்தது. குடிநீர், மலசலகூடம், கல்வி, தடுப்பூசி ஆகிய பலவும் இதற்குக் காரணம். பயிற்சி பெற்ற பணியாளரின் பங்கும் அவற்றுள் ஒன்று.

1992 ஆம் ஆண்டு தோட்ட நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. வீடமைப்புக்கும் சமூகநலத்துக்குமென நிறுவப்பட்ட நிதியம் 2002 ஆம் ஆண்டு பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் மாறியது. பயிற்சிப் பொறுப்பிற் பெரும்பகுதி அதனைச் சார்ந்தது. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சில அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டன. வேறு பல கம்பனிகளிடமே எஞ்சின. கொழுக்கிப்புழு இயக்கத்தின்போது கண்ட குறை ஈண்டும் தொடர்ந்தது. ஒவ்வொரு திட்டமும் தனக்கு வேண்டிய பாடத்தைக் கற்பித்தது. திட்டத்துக்கு நிதி முடிந்தபோது பாடமும் முடிந்தது. எல்லாப் பாடங்களையும் தொகுத்து, ஆண்டுதோறும் தொடர்ந்து கற்பிக்கும் ஒரு நிலையான ஏற்பாடு உருவாகவில்லை.

பிற நாட்டு அனுபவம்

இடைநிலை மருத்துவரின் தொடர்கல்வியை ஒரு நாடு எவ்வாறு அமைக்கலாம் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு பயனுடைய ஒப்பீடாகும். 1965 ஆம் ஆண்டு டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்பார் கடற்படையில் மருத்துவ உதவியாளராயிருந்த நால்வரைக் கொண்டு மருத்துவ உதவியாளர் கற்கையைத் தொடங்கினார். அதே ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா போர்டு என்னும் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து தாதியருக்கு உயர்பயிற்சி அளிக்கும் திட்டத்தை வகுத்தனர். மருத்துவர் பற்றாக்குறையே இரண்டுக்கும் காரணம். இவ்வகையில் அவர்கள் மலைநாட்டு அப்போதிக்கரிக்குப் பின்வந்தோர்.

வேறுபாடு அடுத்த படியில் உள்ளது. அங்கு மருத்துவ உதவியாளர் தம் சான்றிதழைக் காத்துக்கொள்ள ஈராண்டுக்கு ஒருமுறை 100 மணிநேரத் தொடர்கல்வியை நிறைவேற்றவேண்டும் என்ற விதி அமைந்தது. கல்வி தனிமனிதரின் ஆர்வத்தையோ முதலாளியின் தயவையோ சார்ந்திராமல் தொழிலின் நிபந்தனையாயிற்று. நிபந்தனை இருந்தமையால் அதனை நிறைவேற்ற வகுப்புகளும் சஞ்சிகைகளும் மாநாடுகளும் தோன்றின.

அயலிலுள்ள தமிழகம் வேறொரு பாடத்தைத் தருகின்றது. தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம் 1971 ஆம் ஆண்டு முதல் மருத்துவர் வி. ரகமத்துல்லாவின் வழிகாட்டலில் விரிவான தொழிலாளர் நலத் திட்டம் ஒன்றை நடத்தியது. தொழிலாளருள் இருந்தே இணைப்புப் பணியாளர் தெரியப்பட்டு, அயலிலுள்ள சில குடும்பங்களின் நலத்தைக் கவனிக்கப் பயிற்றப்பட்டனர். தோட்ட மருத்துவரும் அவர்தம் உதவியாளரும் அவர்களுக்குத் தொடர்ந்து கற்பிக்க வேண்டியிருந்தது. பிறருக்குக் கற்பிப்பவர் தாமும் கற்றே ஆகவேண்டும். மலைநாட்டுத் தோட்டத்துக்கு மிக அண்மையான மாதிரி இதுவெனலாம்.

மொழியும் கல்வியும்

தொடர்கல்வியின் மொழி எதுவாயிருக்கவேண்டும் என்ற வினாவுக்கு இலங்கைத் தமிழ் வரலாற்றிலேயே விடை உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்ற மாணவர் ஊரை விட்டு உத்தியோகம் தேடிச் செல்வதைக் கண்டு, 1864 ஆம் ஆண்டிலிருந்து தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் எனப் பல நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன, கலைச்சொற்றொகுதிகளும் ஆக்கப்பட்டன. 1873 ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய பின்னரும் அவர் அப்பணியை விடவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களுக்கென முதலாவது மருத்துவச் சட்டம் இயற்றப்பட்ட 1872 ஆம் ஆண்டிலேயே மனித உடற்கூற்று நூலொன்று தமிழில் அச்சேறியது என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயினும் அம்மரபு மலைநாட்டை எட்டவில்லை. தோட்ட உதவியாளர் ஆங்கிலத்திற் கற்று, ஆங்கிலத்திற் பதிவேடு எழுதி, தமிழில் நோயாளியோடு பேசினார். இலங்கையின் மருத்துவ உயர்கல்வி இன்றும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. புதிய அறிவைத் தரும் சுற்றறிக்கைகளும் சஞ்சிகைகளும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அமையும்போது தமிழில் மட்டும் வல்ல பணியாளர் பின்தங்குகின்றார். தோட்டத்திலே பிறந்து, அம்மக்களின் வழக்கையும் கூச்சத்தையும் அறிந்து, அவர்களிடையே வாழ விரும்பும் இளைஞரும் யுவதியரும் மருத்துவப் பணியிற் சேர்வதற்கும், சேர்ந்தபின் வளர்வதற்கும், இம்மொழித் தடையே பெருந்தடையாக உள்ளது.

முடிவுரை

மலைநாட்டின் மருத்துவ நிலை முன்னேறியுள்ளது. நாடற்றோர் பிரச்சினையிற் பெரும்பகுதி 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு தீர்ந்தது. பிரசவங்கள் பெரும்பாலும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை 2017 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. எனினும் 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய நிலையில் நூற்றுக்கு 17.3 ஆக இருக்க, தோட்டங்களில் 31.7 ஆக இருந்தனர். இத்தகைய குறை பெரிய வைத்தியசாலையின் வாயிலில் வெளிப்படுவதன்று. லயத்திலும் பிள்ளை மடுவத்திலும் மாதந்தோறும் பிள்ளையை நிறுத்து, உயரம் அளந்து, தாயோடு பேசும் பணியாளரே அதனைக் காணக்கூடியவர். முதியோரிடையே பெருகிவரும் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் அவ்வாறே. இவை முந்திய தலைமுறைத் தோட்ட உதவியாளர் கற்ற பாடத்தில் சிறிதளவே இடம்பெற்றவை.

இவ்வரலாறு தரும் படிப்பினைகள் மூன்று. முதலாவது, தொடர்கல்வி ஓர் இயக்கத்தின் துணைவிளைவாக அமையாமல், பணியின் நிபந்தனையாகவும் பணியாளரின் உரிமையாகவும் அமைதல் வேண்டும். கற்கச் செல்லும் நாட்களுக்குச் சம்பளமும், அந்நாட்களில் தோட்டத்தைக் கவனிக்க மாற்று ஆளும் அதில் அடங்கும். இரண்டாவது, அக்கல்வி அயலிலுள்ள அரசாங்க வைத்தியசாலையோடு இணைதல் வேண்டும். பேராதனையில் 1962 ஆம் ஆண்டு முதல் ஒரு மருத்துவ பீடம் இயங்கிவருகின்றது; மலையடிவாரத்திலுள்ள அப்பீடத்துக்கும் மலைமேலுள்ள டிஸ்பென்சரிக்கும் இடையிலான தொலைவு சில மணிநேரப் பயணமே. மூன்றாவது, கல்வியின் மொழி தமிழாதல் வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மானிப்பாயில் இயன்றது இன்று நுவரெலியாவில் இயலாதெனக் கூறுவதற்கு நியாயம் இல்லை.

தமிழிற் பாடநூல் எழுதுவதும் கலைச்சொல் வகுப்பதும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சமூகத்தின் கடமைகளுள் அடங்குவன. இலக்கியத்துக்குச் செலவிடும் உழைப்பின் ஒரு பகுதியை, பிரசவம் பார்க்கும் மருத்துவமாதும் காய்ச்சல் பார்க்கும் உதவியாளரும் கையிலெடுத்துப் படிக்கக்கூடிய எளிய நூல்களுக்குச் செலவிடின், அது மலைநாட்டு மக்களுக்கு இத்தமிழுலகம் நெடுங்காலமாகச் செலுத்தாதிருக்கும் கடனின் ஒரு பகுதியைத் தீர்ப்பதாகும்.